ஒரு கருவி, இரு கணிப்பொறிகள்

பேரையூரில் ஜெராக்ஸ் கடை நடத்தும் ஒருவரிடம் பதினைந்து ஆண்டுப் பழைய ஸ்கேனர் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். கண்ணாடியில் கீறல்கூட இல்லை. விளக்கும் நன்றாக எரிகிறது. ஆனால் அதனுடன் வந்த டிரைவர் நிரல் விண்டோஸ் எக்ஸ்பிக்கென எழுதப்பட்டது. கடையில் இப்போதிருப்பதோ லினக்ஸ் கணிப்பொறி. மதுரைக்குப் போய்ப் புதிய ஸ்கேனர் வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்ததை மாணவர் பலர் அறிவர். அங்கே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறப் பொறியை அணைத்துத் திரும்பத் துவக்க வேண்டும். வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள்களோ லினக்ஸுக்குள்ளேயே ஒரு பொய்க் கணிப்பொறியை அமைத்து, அதில் விண்டோஸை ஓடவிடுகின்றன. லினக்ஸை வீட்டுக்காரர் என்றும், விண்டோஸைக் குடித்தனக்காரர் என்றும் வைத்துக்கொள்வோம்.

வீட்டுக்காரர் கையிலிருக்கும் ஸ்கேனர் குடித்தனக்காரருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? இதற்கு யு.எஸ்.பி.யின் இயல்பைச் சற்று அறிய வேண்டும். 1996 ஜனவரியில் வெளிவந்த இம்முறையை உருவாக்கியவர்களுள் முக்கியமானவர், பரோடாவில் பயின்று இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட். இதில் கருவி தானாகப் பேசாது. கணிப்பொறி கேட்டால்தான் பதில் சொல்லும். செருகியதும் எல்லாக் கருவிக்கும் முகவரி 0. பிறகு 1 முதல் 127 வரை ஓர் எண் கிடைக்கும். தன்னைச் செய்த நிறுவனத்தின் எண்ணையும் தன் மாதிரி எண்ணையும் கருவி தெரிவிக்கும். அவற்றைக் கொண்டே உரிய டிரைவர் தேடப்படுகிறது.

வர்ச்சுவல்பாக்ஸின் யு.எஸ்.பி. பட்டியலில் ஸ்கேனரின் பெயரைத் தெரிவு செய்தவுடன் லினக்ஸ் அதனைக் கைவிடுகிறது. அந்தக் கணமே, யாரோ புதிதாகச் செருகியதுபோல் விண்டோஸுக்குத் தோன்றுகிறது. அது கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் மென்பொருள் வாங்கி லினக்ஸிடம் தர, லினக்ஸ் அதைக் கருவிக்கு அனுப்புகிறது. பதிலும் அவ்வழியே திரும்புகிறது. லினக்ஸுக்கு ஸ்கேனரின் மொழி தெரிய வேண்டியதே இல்லை. தபால்காரர் கடிதத்தைப் படித்துப் பார்த்தா கொண்டுவருகிறார்?

பட்டியல் வெறுமையாக இருந்தால் கருவியைக் குறை கூறாதீர்கள். லினக்ஸில் பயனாளரின் பெயரை ‘விபாக்ஸ்யூசர்ஸ்’ என்னும் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். எக்ஸ்பிக்கு யு.எஸ்.பி. 3 தெரியாது, ஆகவே பொய்க் கணிப்பொறியில் யு.எஸ்.பி. 2 கட்டுப்படுத்தியையே அமைக்க வேண்டும். 2022இல் வந்த 7.0 பதிப்புக்கு முன்பு இதற்குத் தனி இணைப்புத் தொகுப்பு தேவைப்பட்டது.

பென் டிரைவில்தான் உண்மையான ஆபத்து. கோப்புகள் எங்கெங்கே உள்ளன என்ற கணக்கை ஒவ்வோர் இயக்க அமைப்பும் தன் நினைவகத்தில் தனியே வைத்திருக்கும். இரண்டும் ஒரே சமயத்தில் எழுதினால் கணக்குகள் முரண்பட்டுக் கோப்புகள் அழியும். ஒரு நேரத்தில் ஒருவருக்கே கருவி என்ற விதி இதனால்தான். லினக்ஸ் எழுதி முடிக்குமுன் பென் டிரைவை விண்டோஸுக்கு மாற்றினாலும் இதே கதிதான். முதலில் லினக்ஸில் முறைப்படி விடுவித்துவிட்டு, பிறகே மாற்ற வேண்டும். அவசரத்தில் மவுஸையோ விசைப்பலகையையோ தெரிவு செய்துவிட்டால், வீட்டுக்காரர் கைகட்டி நிற்க வேண்டியதுதான்!

சில கருவிகள் வேலையின் நடுவே தம்மைத் துண்டித்துக்கொண்டு வேறு மாதிரி எண்ணுடன் திரும்பும். உள்நிரல் மாற்றப்படும் கைபேசிகள் இவ்வகை. புதிய எண்ணுடன் வருவது மீண்டும் லினக்ஸிடம் போய்விடும். வேலை பாதியில் நிற்கும். வடிகட்டி என்னும் அமைப்பில் நிறுவன எண்ணை மட்டும் குறித்து, மற்றவற்றை வெறுமையாக விட்டால் இரண்டு தோற்றமும் விண்டோஸுக்கே சேரும். காமிராக்களுக்கு இம்முறை அவ்வளவாக ஒத்துவராது. இடைத்தரகர் ஏற்படுத்தும் தாமதத்தால் படம் திக்கித் திக்கி வரும். ஸ்கேனர் அப்படி அவசரப்படுவதில்லை.

எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுபோயின. எனவே பொய்க் கணிப்பொறிக்கு இணைய இணைப்பைக் கொடுக்காமல், ஸ்கேன் செய்த பக்கங்களைப் பகிர்வு அடைவு வழியாக லினக்ஸுக்கு எடுத்துக்கொள்ளலாம்.