சலுகைகள் தில்லியில், சாவி மாவட்டத்தில்!

புது தில்லி: முன்னாள் படைவீரர் நலன் என்றதும் தலைநகரில் நினைவுக்கு வருவது ஜந்தர் மந்தர்தான். "ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம்" கோரி 2015 ஜூன் மாதம் அங்கே தொடங்கிய போராட்டம் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. 2014 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. 2019-லும் 2024-லும் ஓய்வூதியம் மறுநிர்ணயம் செய்யப்பட்டது. இடையே வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2022 மார்ச்சில் அரசின் கொள்கை செல்லும் எனத் தீர்ப்பு வந்தது.

எவ்வளவு ஓய்வூதியம் என்ற கேள்விக்கு இப்படி ஓரளவு விடை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த ஓய்வூதியத்தைப் பெற யாரிடம் கேட்பது என்ற கேள்வி, கணவரை இழந்து மலைக்கிராமத்தில் தனித்திருக்கும் பெண்ணுக்கு இன்னும் அப்படியே நிற்கிறது.

மூன்று ஊர்கள், ஒரு மனு

உத்தரகண்டின் சமோலி மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். இல்லந்தோறும் ஒருவரையேனும் படைக்கு அனுப்பிய கிராமங்கள் கட்வால் மலைகளில் பல உண்டு. அங்கே கட்வால் ரைஃபிள்ஸ் படைப்பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் காலமாகிறார் என்று கொள்வோம். அவரது பணிப்பதிவேடு லேன்ஸ்டவுனில் உள்ள படைப்பிரிவு ஆவண அலுவலகத்தில் இருக்கிறது. ஓய்வூதியத்தை வழங்கும் கணக்கு அலுவலகம் பிரயாக்ராஜில். விதிகளை வகுப்பது தில்லி. இம்மூன்று ஊர்களில் ஒன்றுகூட அவரது மனைவி வாழும் மாவட்டத்தில் இல்லை.

திருமணமும் குழந்தைகளின் பிறப்பும் படைப்பிரிவின் "பகுதி 2 ஆணை" எனும் பதிவில் முறையாக ஏறியிருந்தால் சிக்கல் இல்லை. பதிவேட்டில் ஒரு பெயரும் ஆதார் அட்டையில் வேறொரு பெயரும் இருந்தாலோ, திருமணமே பதிவாகாமல் விடுபட்டிருந்தாலோ, குடும்ப ஓய்வூதியம் அங்கேயே நின்றுவிடும். எந்தச் சான்றை யாரிடம் பெற்று, எந்த அலுவலகத்துக்கு முதலில் அனுப்ப வேண்டும் என்று சொல்லித்தர அவருக்கு எட்டும் தொலைவில் இருப்பது ஒரே இடம்தான்: மாவட்டத் தலைநகரிலுள்ள ஜில்லா சைனிக் வாரியம். தமிழகத்தில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்று நாம் அறிந்திருப்பதும் இதே அமைப்பைத்தான்.

பணியில் இருக்கும்போதே வீரர் இறந்துவிட்டால் அறிவுரையின் மதிப்பு இன்னும் கூடுகிறது. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 30 சதவீதம். தொடக்கத்தில் சில ஆண்டுகள் மட்டும் 50 சதவீதம். படைப்பணியே மரணத்துக்குக் காரணம் என ஏற்கப்பட்டால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியமாக 60 சதவீதம். போர் நடவடிக்கையில் உயிரிழந்திருந்தால் கடைசி ஊதியம் முழுவதும் கிடைக்கும். மரணம் எந்த வகையில் சேர்க்கப்படுகிறது என்பதை ஆவணங்களே முடிவு செய்கின்றன. அந்த முடிவு தவறு என்று கருதினால் மேல்முறையீடு செய்யலாம், ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்பதை அக்குடும்பத்துக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டுமல்லவா?

நூற்றாண்டு கண்ட அமைப்பு

முதல் உலகப் போர் முடிந்து இந்திய வீரர்கள் ஊர் திரும்பிய காலத்தில், 1919-இல் ஆங்கிலேய அரசு அமைத்த இந்தியப் போர்வீரர் வாரியமே இதன் மூலவேர். 1975-இல் அது கேந்திரிய சைனிக் வாரியம் எனப் பெயர் பெற்றது. பாதுகாப்பு அமைச்சர் இதன் தலைவர். மாநில முதல்வர்கள் உறுப்பினர்கள். இதன்கீழ் மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ராஜ்ய சைனிக் வாரியங்களும், நாடு முழுவதும் ஏறத்தாழ நானூறு ஜில்லா சைனிக் வாரியங்களும் இயங்குகின்றன. மாவட்ட வாரியத்துக்கு ஆட்சியரே தலைவர். அன்றாடப் பணிகளைக் கவனிப்பவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி.

கொள்கை மத்திய அரசுடையது. அலுவலகமும் ஊழியரும் மாநில அரசைச் சேர்ந்தவர்கள். செலவில் 60 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கிறது. மலை மாநிலங்களுக்கும் வடகிழக்கு மாநிலங்களுக்கும் 75 சதவீதம். எஞ்சியது மாநிலத்தின் பொறுப்பு. மாவட்ட அலுவலரின் நாற்காலி காலியாகக் கிடந்தால், அதை நிரப்ப வேண்டியது மாநிலம். அதனால் முடங்குவதோ மத்திய அரசின் திட்டம். இரு அரசுகளின் பொறுப்பில் உள்ள இந்த அலுவலகம் இரு அரசுகளின் கவனத்திலிருந்தும் நழுவிவிடும் ஆபத்து இந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

ஓய்வூதியமே இல்லாதோர்

படைவீரர் அனைவரும் ஓய்வூதியம் பெறுகின்றனர் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது உண்மையன்று. ஜவான் ஒருவர் ஓய்வூதியம் பெறப் பதினைந்து ஆண்டு பணி வேண்டும். அதற்கு முன்பே விடுவிக்கப்பட்டவர்களுக்கு முதுமையில் மாத வருமானம் ஏதுமில்லை. 65 வயதைக் கடந்து வறுமையில் வாடும் இத்தகையோருக்கும் அவர்களது விதவையருக்கும் மாதந்தோறும் வழங்கப்பட்ட உதவித்தொகை 4,000 ரூபாய். 2025 அக்டோபரில் அதை 8,000 ரூபாயாக உயர்த்த பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் ஒப்புதல் அளித்தார். குழந்தைகளின் கல்வி உதவி மாதம் 1,000-லிருந்து 2,000 ரூபாயாகவும், மகளின் திருமண உதவி 50,000-லிருந்து ஒரு லட்சம் ரூபாயாகவும் உயர்ந்தன. நவம்பர் 1 முதல் அளிக்கப்படும் விண்ணப்பங்களுக்கு இவை பொருந்தும் என அறிவிக்கப்பட்டது. ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் தேதி மக்கள் அளிக்கும் கொடி நாள் நிதியே இதற்கு ஆதாரம்.

வரவேற்கத்தக்க உயர்வுதான். ஆனால் விண்ணப்பத்தைச் சரிபார்த்துப் பரிந்துரைக்க வேண்டியது ஜில்லா சைனிக் வாரியம். ஆண்டுக்கு 5,500 மாணவ, மாணவியருக்கு வழங்கப்படும் பிரதமரின் கல்வி உதவித்தொகைக்கும் அதே வாசல்தான். அந்த மேஜை வேலை செய்யாவிட்டால் இரு மடங்கு உயர்வும் காகிதத்தில்தான் இருக்கும்.

கணினி வந்தது; கலக்கமும் வந்தது

வங்கிகள் வழியே நடந்துவந்த ஓய்வூதிய விநியோகத்தை "ஸ்பர்ஷ்" எனும் கணினி முறைக்கு பாதுகாப்பு அமைச்சகம் மாற்றியது. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியர்கள் அதில் இணைக்கப்பட்டுள்ளனர். இடைத்தரகரும் தாமதமும் குறையும் என்பது நோக்கம். ஆனால் 2022 ஏப்ரல் மாத ஓய்வூதியம் 58,000-க்கும் மேற்பட்டோரின் கணக்கில் உரிய நாளில் சேரவில்லை. ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய உயிர்வாழ் சான்று உறுதி செய்யப்படவில்லை என்பதே காரணம். எதிர்ப்பு எழுந்ததும், மே மாதத் தொடக்கத்தில் தொகையைச் செலுத்திய அமைச்சகம், சான்றளிக்கக் கூடுதல் அவகாசமும் தந்தது. கைரேகை தேய்ந்த முதியவருக்கும், கைப்பேசி பழகாத விதவைக்கும் கணினித் திரை ஒருபோதும் வழிகாட்டி ஆகாது என்பதை அந்த ஒரு மாதம் உணர்த்தியது.

இந்நிலையில் 2025 ஜூலை 26-ஆம் தேதி, கார்கில் வெற்றி தினத்தன்று, தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு ஸ்ரீநகரில் தொடங்கிய "வீர் பரிவார் சஹாயதா" திட்டம் கவனத்துக்குரியது. சைனிக் வாரிய அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையங்களை நிறுவி, படைவீரர் குடும்பங்களின் நிலத் தகராறு, குடும்ப வழக்கு, ஓய்வூதியச் சிக்கல் ஆகியவற்றுக்கு வழிகாட்டுவது அதன் குறிக்கோள். எல்லையில் காவல் நிற்பவர் சொந்த ஊரின் நீதிமன்ற வாயிலில் நிற்க முடியாது என்ற எளிய உண்மையை அது ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அடுத்த சோதனை

படைகளிலிருந்து ஆண்டுதோறும் சுமார் 60,000 பேர் ஓய்வுபெறுகின்றனர்; பெரும்பாலோர் 35 முதல் 45 வயதுக்குட்பட்டோர். 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டமோ இருபதுகளிலேயே இளைஞர்களை வெளியே அனுப்பும். நான்காண்டு முடிவில் கால் பங்கினர்வரை மட்டுமே படையில் நீடிக்க முடியும். ஏனையோருக்கு ஓய்வூதியமோ முன்னாள் படைவீரர் தகுதியோ இல்லை என்பதே அந்த அறிவிப்பின் ஏற்பாடு. அப்படித் திரும்பும் இளைஞர் நாளை ஜில்லா சைனிக் வாரியத்தின் படியேறி வந்தால், அவரை அமர வைத்துப் பேச அங்கே இடம் உண்டா என்பதை மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து தெளிவுபடுத்த வேண்டும்.

வீரவணக்கத்துக்குத் தலைநகரில் தேசியப் போர் நினைவகம் எழுந்துள்ளது. வீரரின் குடும்பம் தேடிச் செல்வதோ மாவட்டத் தலைநகரின் ஓர் அலுவலகத்தை. அங்கே நாற்காலியில் ஓர் அலுவலர் இருக்க வேண்டும். நீட்டும் காகிதத்தை வாங்கிப் படிக்க அவருக்கு நேரமும் வேண்டும். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் எழுப்ப வேண்டிய கேள்வி அதுவே.