உயரமான கிளாஸில் இருப்பது என்ன?



வலீமா விருந்துகள் வீட்டு முற்றத்தை விட்டு ஹோட்டல் மண்டபங்களுக்குப் போய் நெடுநாளாகிறது. பிள்ளைகள் படிப்புக்கும் தொழிலுக்கும் வெளிநாடு போகிறார்கள். நாமும் விமானம் ஏறுகிறோம். இத்தகைய இடங்களில் உயரமான கிளாஸொன்று நம் முன்னால் வந்து நிற்கிறது. உள்ளே ஐஸ் கட்டிகள், விளிம்பில் தேசிக்காய் வில்லை, மேலே புதினாத் தளிர். பார்வைக்கு அது நம் வீட்டுத் தேசிக்காய்த் தண்ணீர்தான். ஆனால் உள்ளே இருப்பதும் அதுதானா?

மேல்நாட்டவர் ‘ஹைபோல்’ என்று ஒரு பான வகையைச் சொல்வார்கள். உயரமான கிளாஸில் ஐஸ் போட்டு, சிறிதளவு மதுவை ஊற்றி, அதைவிடப் பல மடங்கு சோடாவோ, கோலாவோ, பழச்சாறோ சேர்த்து நிரப்புவதே ஹைபோல். நிறம், மணம், சுவை எல்லாம் சேர்க்கும் பானத்துடையவை. மது அவற்றுக்குள் ஒளிந்திருக்கும். நாம் விழிப்பாக இருக்க வேண்டிய காரணம் இதுவே.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

இந்தப் பானங்களின் பெயர்கள் உள்ளே இருப்பதைச் சொல்வதில்லை. ‘லோங் ஐலண்ட் ஐஸ்ட் டீ’ என்ற பெயரைக் கேட்டால் குளிர்ந்த தேநீர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதில் தேயிலையே கிடையாது. வொட்கா, ஜின், ரம், டெக்கீலா, ஓரஞ்சு மதுபானம் என ஐந்து வகை மது சேர்ந்தது அது. மேலே விடும் சிறிதளவு கோலாதான் தேநீர் நிறத்தைக் கொடுக்கிறது.

‘ஸ்க்ரூடிரைவர்’ என்பது ஓரஞ்சுச் சாற்றில் வொட்கா. ‘மொஹீட்டோ’ என்பது தேசிக்காய், புதினா, சீனி, சோடாவுடன் ரம். ‘கியூபா லீப்ரே’ என்பது கோலாவில் ரம். ‘டொம் கொலின்ஸ்’ என்பது எலுமிச்சைச் சாறும் சோடாவும் சேர்ந்த ஜின். ‘பினா கொலாடா’ என்பது அன்னாசியும் தேங்காயும் சேர்ந்த ரம். நம் நாட்டு ஹோட்டல்களில் ஜிஞ்சர் பியருடன் தென்னஞ்சாராயம் கலந்து கொடுப்பதும் வழக்கம்.

பெயருக்கு முன்னால் ‘வேர்ஜின்’ என்றிருந்தாலோ, ‘மொக்டெய்ல்’ என்ற தலைப்பின் கீழ் இருந்தாலோ மது சேர்க்காதது என்று பொருள். அப்போதும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ‘பிட்டர்ஸ்’ எனும் கசப்புச் சாற்றைச் சில துளிகள் விடுவது பலரின் பழக்கம். பெயர் பெற்ற அங்கொஸ்டுரா பிட்டர்ஸில் நூற்றுக்கு 44.7 பங்கு மதுசாரம் உண்டு. அவுஸ்திரேலியாவில் குளிர்பானமாகவே கருதப்படும் ‘லெமன், லைம் அன்ட் பிட்டர்ஸ்’ பானத்திலும் இந்தச் சாறு சேர்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

தண்ணீர் சேர்ந்தால் குறையுமா?

“நிறைய ஜூஸ், கொஞ்சந்தானே மது” என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். வொட்கா, ஜின், ரம் போன்றவற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு மதுசாரம். ஒரு கிளாஸுக்கு 45 மில்லிலீற்றர் ஊற்றினால் அதில் 18 மில்லிலீற்றர் தூய மதுசாரம். அதாவது சுமார் 14 கிராம். 330 மில்லிலீற்றர் சாதாரண பியர் போத்தலில் இருப்பதும் ஏறத்தாழ இவ்வளவுதான். எவ்வளவு ஜூஸ் ஊற்றினாலும் இந்த 18 மில்லிலீற்றர் குறையாது. குறைவது அதன் காரம் மட்டுமே. காரம் தெரியாததால் தாகத்துக்குக் குடிப்பதுபோல் குடித்துவிடுகிறார்கள். பழக்கமில்லாத இளம் பிள்ளைகள் இதில்தான் அகப்படுகிறார்கள். போதை தருவதில் சிறிதளவும் நமக்கு ஆகாது என்பது நம் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும். அதை மறக்கச் செய்வது இந்த இனிப்புத்தான்.

மதுசாரம் புற்றுநோயை உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988இலேயே வகைப்படுத்தியது. பெண்களின் மார்பகப் புற்றுநோயும் அதனால் கூடும் நோய்களில் ஒன்று. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவுமில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கள்ளச் சரக்கில் மெத்தனோல் எனும் நஞ்சு கலந்திருந்தால், சுவையிலோ மணத்திலோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. 2024 நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியெங் நகரில், மெத்தனோல் கலந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட மதுவால் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் ஆறு பேர் உயிரிழந்தார்கள்.

சோடாவும் டொனிக்கும் வந்த கதை

மதுவை ஒதுக்கி, அதனுடன் சேர்ப்பவற்றை மட்டும் பார்த்தால் கதை சுவையானது. 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிஞர், பக்கத்து மதுச்சாலைத் தொட்டிகளிலிருந்து எழும் வாயுவைத் தண்ணீரில் சேர்த்துப் பார்த்தார். தண்ணீர் நுரைத்தது, குடிக்க இதமாகவும் இருந்தது. 1783இல் ஜெனீவாவில் ஜேக்கப் ஷ்வெப் அதை வியாபாரமாக்கினார். நாம் குடிக்கும் சோடாவின் ஆரம்பம் இதுதான்.

டொனிக் தண்ணீரின் கசப்பு குயினைனுடையது. தென்னமெரிக்காவின் சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் பிரெஞ்சு அறிஞர்கள் இருவர் அதைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாவுக்கு அன்று அதுவே மருந்து. நம் நாட்டு ஹக்கல தாவரத் தோட்டம் 1861இல் தொடங்கப்பட்டதே சின்கோனா வளர்ப்பதற்காகத்தான். கோப்பி அழிந்து தேயிலை ஓங்குவதற்கு இடையில், மலைநாட்டுத் துரைமார் சின்கோனாவையும் பெருமளவில் பயிரிட்டார்கள். டொனிக்கில் மது இல்லை. ஆயினும் குயினைன் இருப்பதால் கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி ஒரு வியப்பு. ‘அல்கஹோல்’ என்ற சொல்லே அரபியில் ‘அல் குஹ்ல்’ என்பதிலிருந்து வந்தது. குஹ்ல் என்பது கண்ணுக்கு இடும் சுர்மாத் தூள்! நுண்ணிய தூளைக் குறித்த சொல், ஐரோப்பியர் வாயில் வடித்தெடுத்த சாரத்தையும், பின்னர் மதுசாரத்தையும் குறிக்கலாயிற்று. ‘சிரப்’, ‘ஷெர்பட்’ என்ற ஆங்கிலச் சொற்களும் அரபியில் குடிப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தவையே. நம் சர்பத்தும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

கேட்பதில் வெட்கம் வேண்டாம்

“இதில் மது இருக்கிறதா? பிட்டர்ஸ் விட்டீர்களா? மது கலக்கிய பாத்திரத்திலா இதையும் கலக்கினீர்கள்?” இந்த மூன்று கேள்விகளையும் உங்கள் மகளுக்கும் மருமகளுக்கும் பழக்கிவிடுங்கள். நாலு பேர் முன்னால் கேட்கக் கூச்சப்பட்டு ஒரு மிடறு குடித்துவிடுவதைவிட, கேட்டுவிட்டுத் தண்ணீர் குடிப்பது மேல். விருந்து உங்களுடையதாயின், மதுவும் மது சேர்ந்த எதுவும் வேண்டாம் என்று ஹோட்டலுக்கு எழுத்திலேயே கொடுங்கள்.

வீட்டிலேயே செய்யுங்கள்

இஞ்சிச் சோடா: 50 கிராம் இஞ்சியை நசுக்கி, ஒரு கப் சீனி, ஒரு கப் தண்ணீருடன் பத்து நிமிடம் கொதிக்க வைத்து வடித்து ஆறவிடுங்கள். கிளாஸுக்கு இரண்டு மேசைக்கரண்டிப் பாகு, அரைத் தேசிக்காய்ச் சாறு, கசக்கிய புதினா, ஐஸ் போட்டுக் குளிர்ந்த சோடா ஊற்றுங்கள். சோடாவைக் கடைசியில் ஊற்றினால்தான் நுரை நிற்கும்.

அன்னாசித் தேங்காய்ப்பால்: ஒரு கப் அன்னாசிச் சாறு, கால் கப் முதற்பால், சீனி, ஐஸ் சேர்த்து அடித்து உடனே பரிமாறுங்கள். வைத்திருந்தால் பிரிந்துவிடும்.

கசகசா சர்பத்: ஒரு தேக்கரண்டி கசகசாவை அரைக் கப் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, ரோஸ் சிரப்பும் குளிர்ந்த பாலும் சேருங்கள்.

உயரமான கிளாஸிலேயே ஊற்றிக் கொடுங்கள். விளிம்பில் தேசிக்காய் வில்லையையும் செருகுங்கள். வீட்டில் இவற்றைக் குடித்துப் பழகிய பிள்ளை, வெளியில் நீட்டப்படும் கிளாஸைக் கண்டு மயங்காது. அதில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்கும்.