தரவு மையமும் காண்டிராக்டு முறையும்



சென்ற மாதம் எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் தம் தாயாருடன் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு எங்களைப் பார்க்க வந்தார். தாயார் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குபவர். மகன் தொழிற்கல்லூரியில் குளிர்சாதனத் துறையில் பயின்று சான்றிதழ் பெற்றவர். கூலாய் வட்டாரத்திலுள்ள ஒரு தரவு மையத்தில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. கடிதத்தில் சம்பளம் இருந்தது, வேலை நேரம் இருந்தது. ஆனால் கட்டடத்தின் வாசலில் எழுதியிருக்கும் பெயர் ஒன்று, கடிதத்தின் தலைப்பிலுள்ள பெயர் வேறொன்று.

"என்ன சார் இது? வேலை அங்கேங்கிறான், ஆளெடுக்கிறது வேற யாரோங்கிறான். இதுவும் நம்ம தோட்டத்துக் காண்டிராக்டு மாதிரிதானா?" என்று கேட்டார் அந்தத் தாயார்.

சரியான கேள்வி. அதற்கு ஒரே சொல்லில் விடை கூற எங்களால் இயலவில்லை. ஆகவே இன்று அதையே எடுத்துக்கொண்டு சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் தரவு மையம் என்பது என்ன? வங்கியில் நம் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது, சேமநிதியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, கைப்பேசியில் நாம் அனுப்பிய படம் எங்கே இருக்கிறது என்பன போன்ற செய்திகள் யாவும் எங்கோ ஒரு கட்டடத்தில், கணினிகளுக்குள் பதிவாகி இருக்கின்றன. அந்தக் கணினிகளை ஆளுயர இரும்பு அலமாரிகளில் அடுக்கி, வரிசை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். அக்கட்டடமே தரவு மையம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. முன்னாளில் தோட்டங்களில் இஞ்சின் வீடு இருந்தது. அங்கே இஞ்சின் நின்றால் லயம் முழுவதும் இருளாகிவிடும். நமக்கு அது ஓர் இரவுத் தொல்லை, அவ்வளவுதான். தரவு மையம் நின்றால் பல இலட்சம் பேருடைய பணமும் வேலையும் நின்றுவிடும்.

இந்தக் கணினிகள் மின்சாரத்தைக் குடிக்கின்றன. குடித்த மின்சாரம் முழுவதும் வெப்பமாக வெளியேறுகிறது. சாதாரணமான ஓர் அலமாரி 5 முதல் 10 கிலோவாட் வரை மின்சாரம் இழுக்கும். நம் வீட்டுத் தண்ணீர்க் கொதிகலம் ஏறத்தாழ 2 கிலோவாட். அப்படியானால் ஐந்து கொதிகலங்களை ஓர் அலமாரிக்குள் வைத்து, இரவும் பகலும் நிறுத்தாமல் கொதிக்க விடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அத்தகைய அலமாரிகள் நூற்றுக்கணக்கில் ஒரே கூடத்தில் நிற்கின்றன. செயற்கை நுண்ணறிவுக்கென வந்துள்ள புதிய அலமாரிகளில் சில 100 கிலோவாட்டையும் தாண்டுகின்றன. வெப்பத்தை வெளியேற்றாவிட்டால் சில நிமிடங்களில் கணினிகள் தாமாகவே நின்றுவிடும், அல்லது பழுதாகும். ஆகவேதான் குளிர்நீர் எந்திரங்கள், அந்நீரைச் சுமக்கும் குழாய்கள், அவசரத்துக்குக் குளிர்நீரைத் தேக்கி வைக்கும் தொட்டிகள் எல்லாம் தேவைப்படுகின்றன. தெனாகா மின்சாரம் தடைப்பட்டால் டீசல் இஞ்சின் ஓடத் தொடங்கும்வரை தாங்குவதற்குப் பெரிய மின்கல அறைகளும் உண்டு. உண்மையில் தரவு மையத்துக்குள் கணினி வேலையைவிட மின்சார வேலையும் தண்ணீர் வேலையுமே மிகுதி என்று சொல்லலாம். இதை நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

இனி, ஒரு வங்கி இந்த வேலையைத் தானே செய்யாமல் ஏன் பிறரிடம் ஒப்படைக்கிறது?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு வாரத்துக்கு 168 மணி. நம் நாட்டு வேலைச் சட்டப்படி, 2023 ஜனவரி முதல், ஒருவர் வாரத்துக்கு 45 மணிக்கு மேல் சாதாரண வேலை செய்ய வேண்டியதில்லை. ஓர் இடத்தில் எந்நேரமும் ஓர் ஆள் இருக்க வேண்டுமானால் 168-ஐ 45-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ நான்கு பேர் வருகிறது. ஆண்டு விடுப்பு, மருத்துவ விடுப்பு, பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்தால் ஐந்து பேர். இரவில் தனியாளை விடக்கூடாது என்று இருவராக நிறுத்தினால் பத்துப் பேர். இது குளிர்சாதனத்துக்கு மட்டும். மின்சாரத்துக்கு ஒரு குழு, வலைத்தொடர்புக்கு ஒரு குழு, காவலுக்கு ஒரு குழு வேண்டும். வங்கியின் தொழில் பணத்தை வாங்குவதும் கொடுப்பதும்; குளிர்நீர் எந்திரத்தின் அடைப்பிதழைப் பழுதுபார்ப்பது அன்று. இதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் ஒரே குழுவைக் கொண்டு பல வாடிக்கையாளருக்குப் பணி செய்ய முடியும். செலவு பங்காகிறது, பல கட்டடங்களில் கண்ட பழுதுகளிலிருந்து அனுபவமும் சேர்கிறது. இதில் தவறேதும் இல்லை.

ஒப்படைப்பதிலும் வகைகள் உண்டு. சிலர் கணினிகளைத் தமக்கே சொந்தமாக வைத்துக்கொண்டு இடம், மின்சாரம், குளிர்ச்சி, காவல் ஆகியவற்றை மட்டும் வாடகைக்கு எடுப்பார்கள். சிலர் கணினிகளை இயக்கும் வேலையையும் சேர்த்து ஒப்படைத்துவிடுவார்கள். எடுத்தவரும் தம் பங்குக்கு எந்திரப் பராமரிப்பை ஒருவரிடமும், காவலை இன்னொருவரிடமும் விடுவார். நம் மாணவரின் கடிதம் இப்படி மூன்றாம் கையிலிருந்து வந்த கடிதம்.

ஆனால் வேலையை ஒப்படைத்தவுடன் பொறுப்பும் கைமாறிவிடுகிறதா? இங்கேதான் அண்டை நாடான சிங்கப்பூரில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை நாம் அறிந்துகொள்ள வேண்டும். ஜோகூர்ப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர் அந்த வங்கியில்தான் சம்பளம் வாங்குகிறார்கள்.

டிபிஎஸ் வங்கி 2002-ஆம் ஆண்டில் தன் கணினிப் பணிகளில் பெரும்பகுதியைப் பத்தாண்டுக் காலத்துக்கு ஐபிஎம் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஒப்பந்தத்தின் மதிப்பு ஏறத்தாழ 120 கோடி சிங்கப்பூர் வெள்ளி. 2010 ஜூலை 5-ஆம் நாள், திங்கட்கிழமை விடியற்காலையில், தரவுகளைச் சேமிக்கும் எந்திரத்தில் ஒரு கம்பித்தொடரை மாற்றும் வேலை நடந்தது. அதற்குப் பின்பற்றப்பட்ட முறை பழைய முறை. விளைவு, சுமார் ஏழு மணி நேரம் வங்கியின் பணப்பொறிகள் உள்படப் பல சேவைகள் நின்றுபோயின. கை வைத்தது ஐபிஎம்மின் ஆட்கள். ஆயினும் சிங்கப்பூர் நாணய ஆணையம் கண்டித்தது வங்கியை. ஏறத்தாழ 23 கோடி வெள்ளியைக் கூடுதல் மூலதனமாக ஒதுக்கி வைக்கும்படியும் வங்கிக்கே உத்தரவிட்டது.

இரண்டாவது நிகழ்ச்சி 2023 அக்டோபர் 14-ஆம் நாள் சனிக்கிழமை பிற்பகலில் நடந்தது. டிபிஎஸ், சிட்டிபேங்க் ஆகிய இரு வங்கிகளின் கணினிகளும் எக்குவினிக்ஸ் என்னும் நிறுவனத்தின் தரவு மையத்தில் இருந்தன. அங்கே குளிர்சாதன அமைப்பை மேம்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. திட்டமிட்டுச் செய்த வேலைதான். அதைச் செய்த காண்டிராக்டர் தவறான ஒரு கட்டளையை அனுப்பிவிட்டார். குளிர்நீர்த் தொட்டிகளின் அடைப்பிதழ்கள் மூடிக்கொண்டன. கூடத்தில் வெப்பம் ஏறியது, கணினிகள் நின்றன. இத்தகைய நேரத்துக்கென்றே இரண்டு வங்கிகளுக்கும் வேறிடத்தில் மாற்று மையங்கள் இருந்தன. ஆனால் டிபிஎஸ் வங்கி தன் வலைத்தொடர்பைச் சரியாக அமைத்து வைத்திருக்கவில்லை. சிட்டிபேங்க்கின் மாற்று மையத்திலும் இணைப்புச் சிக்கல். மறுநாள் காலைவரை தொல்லை நீடித்தது. 25 இலட்சம் வரையிலான பணப் பரிமாற்றங்கள் நிறைவேறாமல் போயின. சந்தையில் காய்கறி வாங்கிவிட்டுக் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தவர்கள் எத்தனை பேரோ!

மூடியது ஓர் அடைப்பிதழ். மூடச் செய்தவர் காண்டிராக்டரின் ஆள். ஆனால் மாற்று மையத்தைச் சோதித்து வைக்காத குறை வங்கிகளுடையது. அடுத்த மாதமே டிபிஎஸ் வங்கி அவசியமற்ற கணினி மாற்றங்களை ஆறு மாதத்துக்கு நிறுத்தி வைக்க வேண்டும் என்று ஆணையம் கட்டளையிட்டது. நம் நாட்டிலும் பேங்க் நெகாராவின் விதிகள் இதே வழியில்தான் செல்கின்றன. வேலையை வெளியே கொடுக்கலாம். ஆனால் வங்கி பொறுப்பைக் கைகழுவ முடியாது.

இதைக் கேட்டதும் அந்தத் தாயாரின் முகத்தில் ஒரு சிரிப்பு. "தோட்டத்தில் காண்டிராக்டர் சம்பளம் போடலேன்னா, துரைகிட்ட போனா காண்டிராக்டரைக் கேளும்பாங்க, காண்டிராக்டரைக் கேட்டா ஆபீஸ்ல பணம் வரலேம்பான். வங்கிக்கு மட்டும் ஒரு சட்டமா சார்?" என்றார்.

நமக்கும் ஒரு சட்டம் இல்லாமல் இல்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவின்படி, காண்டிராக்டர் சம்பளம் கொடுக்கத் தவறினால் வேலையைக் கொடுத்த முதலாளியும் சேர்ந்து பொறுப்பாவார். அதற்கு வரம்புகள் உண்டு. தொடர்ச்சியான மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் அவரிடம் கேட்க முடியாது, 90 நாளுக்குள் வழக்குத் தொடுக்கவும் வேண்டும். இது தெரியாமல் நாள் கடத்தி இழந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. தரவு மையப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கைமாறும். புதிய காண்டிராக்டர் பழைய ஆட்களையே எடுத்துக்கொள்ளலாம். அதே கட்டடம், அதே எந்திரம். ஆனால் ஊழியரின் சேவைக்காலம் ஒன்றிலிருந்து தொடங்கிவிடும். 1980-ஆம் ஆண்டு ஆட்குறைப்பு விதிமுறைப்படி, ஓராண்டாவது வேலை செய்தவருக்கு, இரண்டு ஆண்டுக்குட்பட்டால் ஆண்டுக்குப் 10 நாள் சம்பளமும், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குட்பட்டால் 15 நாளும், அதற்கு மேல் 20 நாளும் இழப்பீடு கிடைக்க வேண்டும். கால வரையறை முடிந்து நிற்கும் வேலைக்கு இது பொதுவாகக் கிடைப்பதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் பெற்றோர் இந்தக் கணக்கைப் படித்துக்கொண்டது பெரும்பாலும் தாமதமாகத்தான்.

தோட்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது. கூலாயிலுள்ள யங் தோட்டம், ஏறத்தாழ 664 ஹெக்டர் செம்பனை நிலம், வய்டிஎல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, இன்று அங்கே தரவு மைய வளாகம் எழுந்துள்ளது. செடெனாக் பக்கமும் அப்படியே. தாத்தா கன்று நட்ட மண்ணில் பேரன் குளிர்நீர்க் குழாயைப் பார்த்துக்கொள்ளப் போகிறான். நிலம் போனதைப் பற்றி நமக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கு வரும் வேலை பிறருக்கே போய்விடக் கூடாது என்ற கவலையும் இருக்கிறது.

ஆகவே அந்த இளைஞரிடம் சில கேள்விகளை எழுதிக் கொடுத்தோம். வேலை நிரந்தரமா, கால வரையறை உள்ளதா? கட்டடத்தோடு உங்கள் நிறுவனம் செய்துள்ள ஒப்பந்தம் எப்போது முடிகிறது? சேமநிதியும் சொக்சோவும் முதல் மாதத்திலிருந்தே உண்டா? இரவு முறையில் எத்தனை பேர்? கடைசியாக ஒன்று: எந்திரத்தில் கை வைப்பதற்கு முன் படிக்கும் முறைத்தாளைக் கடைசியாகத் திருத்தியது எப்போது? இந்த ஐந்தாவது கேள்வியைக் கேட்க அவர் கூச்சப்பட்டார். 2010-இல் ஒரு வங்கியையே நிறுத்தியது பழைய முறைத்தாள்தான் என்று சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார்.

பத்து நாள் கழித்து வந்தார். வேலை நிரந்தரம் என்று எழுத்தில் வாங்கிவிட்டார். கட்டட ஒப்பந்தம் மூன்றாண்டாம். சேமநிதி, சொக்சோ இரண்டும் உண்டு. இரவில் இருவர். முறைத்தாளைப் பற்றிக் கேட்டதும் நேர்முகம் கண்டவர் நிமிர்ந்து பார்த்து, "இதை உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டாராம், பிறகு உள்ளே அழைத்துச் சென்று தாளையே காட்டினாராம். ஒருவர் ஒவ்வொரு வரியாக வாசிக்க, மற்றவர் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் அடைப்பிதழைத் தொட வேண்டுமாம். இந்த மாதம் முதல் இரவு முறை. மூன்றாண்டு ஒப்பந்தம் முடிவதற்குள் குளிர்நீர் எந்திரத்துக்கான அடுத்த சான்றிதழை எடுத்துவிட வேண்டும் என்று, மாலை வகுப்புக்கான மனுத்தாளையும் எங்களிடமே கொண்டுவந்து நிரப்பிச் சென்றார்.