பெத்தவங்களே அடிச்சா யார்கிட்ட சொல்றது?

2021 ஆகஸ்ட் கடைசியில் அந்த வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கும். விழுப்புரம் மாவட்டம், செஞ்சி பக்கத்தில் ஒரு கிராமம். பெற்ற தாயே தன் சின்னஞ்சிறு பிள்ளையை முகத்தில் அடிக்கிறார். அதை அவரே செல்போனில் படம்பிடித்தும் வைத்திருந்தார். கணவர் புகார் கொடுக்க, ஆந்திராவில் தாய்வீட்டில் இருந்தவரைப் போலீஸ் கைது செய்தது. பிள்ளையின் முகத்தைக்கூட மறைக்காமல் ஃபார்வர்டு செய்தோம். அதுவும் சட்டப்படி தப்பு என்பது வேறு கதை.

அந்த வீடியோ மட்டும் இல்லாதிருந்தால்?

கம்மாபுரம் மாதிரி ஊரில் பக்கத்து வீட்டுப் பிள்ளை அலறினால், "பெத்தவங்க அடிக்கிறாங்க, நாம எப்படிக் கேக்குறது?" என்று சும்மா இருந்துவிடுவோம். கேட்கலாம். சிறார் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவு பெற்றோருக்கும் பொருந்தும். பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். 1098-க்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம், அந்தப் பிள்ளையே செய்யலாம். மீட்கப்படும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்த வேண்டும்.

"புகார் கொடுத்தா பிள்ளையை ஹோம்ல போட்டுடுவாங்களே" என்பதுதான் பல அம்மாக்களின் பயம். பாட்டி, சித்தி போல நம்பிக்கையான உறவினரிடம் ஒப்படைக்கவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு.

அடிப்பது அப்பா என்றால் அம்மாவுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம். பிள்ளை அதே வீட்டில் இருந்து அதே பள்ளிக்கூடம் போகட்டும், அப்பா வெளியேறட்டும் என்றே மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும். பிள்ளையைத் தற்காலிகமாக அம்மாவிடம் ஒப்படைத்து, தேவைப்பட்டால் அப்பா வந்து பார்ப்பதையும் தடுக்கலாம். மனு போட்டால் முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள் வர வேண்டும்.

அம்மாவே இல்லாவிட்டால்? சிறுவன் ஒருவனின் அம்மா இறந்துபோனார். அந்தச் சாவில் அப்பா மீதே கிரிமினல் வழக்கு. ஆனாலும் கீழ்க்கோர்ட்டும் ஹைகோர்ட்டும் பையனை அப்பாவிடமே கொடுக்கச் சொன்னன. 2008-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பெற்றவரின் உரிமையைவிடப் பிள்ளையின் நலனே பெரிது என்று சொல்லி, அவன் ஆசைப்பட்டபடி தாத்தா பாட்டியிடமே இருக்கவிட்டது.

காயத்தோடு பிள்ளையை ஜி.ஹெச்.சுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் அவசரத்தில் ஒரு தப்பு செய்கிறார்கள். மானத்துக்குப் பயந்து, "விளையாடுறப்ப விழுந்துட்டான்" என்று டாக்டரிடம் சொல்லிவிடுகிறார்கள். அங்கே அப்படி எழுதிவிட்டால், பிறகு கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்தச் சீட்டைத்தான்.