மூன்று தொகைகள், ஒரே வரைபடம்

ஜெர்மனியின் ஆகன் நகரில் இயற்பியல் பேராசிரியராக இருந்த வில்ஹெல்ம் ஃபுக்ஸ், சொல்லுக்கு எத்தனை ஒலியசை என்று எண்ணி எழுத்தாளர்களின் நடையை ஒப்பிட்டார். அந்தக் கட்டுரை 1952-ல் 'பயோமெட்ரிகா' இதழில் வந்தது. அவர் வழியில் நம் சங்கப் பாடல்களின் அடிகளையும் எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கு உதவுவது திரள் பரவல் வளைவு. 'இத்தனை அடிக்குள் எவ்வளவு பங்குப் பாடல்கள் முடிந்துவிடுகின்றன?' என்பதற்கு அது விடை சொல்லும். கிடைக்கோட்டில் அடிகள், செங்குத்தில் 0 முதல் 1 வரை. பங்காகக் கணக்கிடுவதால் 400 பாடல்களையும் 1330 குறள்களையும் அருகருகே வைக்கலாம். குறளின் வளைவு 2-ல் செங்குத்தாக எழுந்து நின்றுவிடும்.

இலவச மென்பொருளான 'ஆர்'-இல் 'ஈசிடிஎஃப்' என்ற கட்டளை இதைக் கணக்கிடும், 'பிளாட்' வரையும். முதல் வளைவுதான் தாளின் அகலத்தைத் தீர்மானிக்கும். குறுந்தொகையை (பெரும்பாலும் 4-8 அடி) முதலில் வரைந்தால் அகநானூறு (13-31) தாளுக்கு வெளியே போய்விடும். எனவே 'எக்ஸ்லிம்' மூலம் 0 முதல் 31 வரை இடம் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை 'ஆட்=ட்ரூ' என்று சேர்க்க வேண்டும்.

இப்போது குறுந்தொகை, நற்றிணை (பெரும்பாலும் 9-12), அகநானூறு மூன்றும் படிக்கட்டுகள் போல அடுத்தடுத்து நிற்கும். வேறு வேறு புலவர்களின் நடை என்று இதைக் கொண்டுவிடக் கூடாது. கபிலரும் பரணரும் மூன்றிலும் பாடியிருக்கிறார்கள். வளைவு காட்டுவது தொகுத்தவரின் அளவுகோலை. பாடியவரின் குரலை அல்ல.