கொள்கையா, குருதியா? எபிரேய வேதங்களில் மண உறவும் மணத்தடையும்

பிற சமூகத்தாருடன் கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்வதை யூத வேதங்கள் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே குரலில் தடுத்துள்ளன என்னும் எண்ணம் நம்மிடையே படித்தவர்களிடமும் பரவியுள்ளது. ஒரு சாரார் அதனை ஏகத்துவப் பற்றின் அடையாளமாகப் பாராட்டுகின்றனர். மற்றொரு சாரார் இனச் செருக்கின் சான்றாகச் சுட்டுகின்றனர். நூல்களைப் புரட்டிப் பார்ப்போருக்கோ வேறொரு காட்சி தென்படும். அங்கே ஒரு குரல் இல்லை. பல நூற்றாண்டுகள் நீடித்த ஒரு வாதம் இருக்கிறது. மணத்தடை என்பது கொள்கையைக் காப்பதற்கா, குருதியைக் காப்பதற்கா என்பதே அவ்வாதத்தின் உட்கிடை.

தோரா, நெபியீம் (தீர்க்கதரிசிகள்), கெதுபீம் (எழுத்துகள்) என்னும் மூன்று பிரிவுகளைக் கொண்ட தொகுப்பே எபிரேய வேதம். கிறித்தவர் இதனைப் பழைய ஏற்பாடு என்பர். இறைவனால் மூஸா (அலை) அவர்களுக்கு அருளப்பட்ட தவ்ராத்தும் இன்றுள்ள இத்தொகுப்பும் ஒன்றல்ல என்பது நமது நம்பிக்கை. குர்ஆன் உண்மைப்படுத்துவதை ஏற்று, அது மறுப்பதை மறுத்து, அது மௌனம் காப்பதில் உறுதியோ மறுப்போ கூறாது நிற்பது நம் அறிஞர்களின் நெறி. அந்நெறி நின்றே இக்கட்டுரை செல்கிறது.

குலமும் நிலமும்

ஆதியாகமத்தின் 24ஆம் அதிகாரத்தில் முதிய வயதை எய்திய இப்ராஹீம் (அலை) அவர்கள், தம் மகன் இஸ்ஹாக் (அலை) அவர்களுக்குக் கானானியரிடையே பெண் கொள்ளலாகாது என ஊழியரிடம் சத்தியம் வாங்குவதாகக் கூறப்படுகிறது. ஊழியர் பத்து ஒட்டகங்களுடன் பயணப்பட்டு, இப்ராஹீம் (அலை) அவர்களின் உடன்பிறந்தாரான நாகோரின் பேத்தி ரெபெக்காளைப் பேசி முடித்து வருகிறார். அடுத்த தலைமுறையில் யஃகூப் (அலை) அவர்களும் அதே உறவினரிடம் பெண் தேடி அனுப்பப்படுகிறார்கள். அவர்களின் சகோதரர் ஏசா ஏத்தியப் பெண்கள் இருவரை மணந்தது பெற்றோருக்கு மனக்கசப்பாயிற்று. பின்னர் அவர் இஸ்மாயீல் (அலை) அவர்களின் மகளையும் மணந்தார் என்கிறது அந்நூல்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. பெண் கொண்ட அந்த உறவினர் வீடு ஏகத்துவ வீடாகக் காட்டப்படவில்லை. மாமனார் லாபானின் வீட்டில் குலதெய்வச் சிலைகள் இருந்தன என்று அதே ஆதியாகமம் 31ஆம் அதிகாரத்தில் சொல்கிறது. எனவே இவ்வரலாறுகளில் முன்நிற்பது உறவுமுறையே. வழிபாடு பற்றிய விதி இன்னும் வகுக்கப்படவில்லை.

உறவுக்குள் மணம் முடிப்பதன் பின்னால் நிலமும் இருந்தது. எண்ணாகமத்தில் வரும் செலொப்பியாத்தின் ஐந்து புதல்வியர் வழக்கு இதனை விளக்கும். ஆண் வாரிசு இன்றித் தந்தை இறக்கவே, அப்பெண்கள் வாரிசுரிமை கோரிப் பெற்றனர். உடனே குலத் தலைவர்கள் ஒரு வினாவை எழுப்பினர்: இவர்கள் வேறு கோத்திரத்தில் வாழ்க்கைப்பட்டால் நிலம் கைமாறிவிடுமே? தாம் விரும்பியவரை மணக்கலாம், ஆயினும் தம் கோத்திரத்துக்குள் மணக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. சொந்த பனூ இஸ்ராயீலுக்குள்ளேயே ஒரு மணத்தடை! அதன் காரணம் ஈமானும் அன்று, இனமும் அன்று; சொத்தே.

தடையும் அதற்குச் சொல்லப்பட்ட காரணமும்

தெளிவான தடை உபாகமம் 7ஆம் அதிகாரத்தில் வருகிறது. ஏத்தியர், கானானியர், எபூசியர் உள்ளிட்ட ஏழு இனத்தாருக்குப் பெண் கொடுக்கவும் அவர்களிடம் பெண் எடுக்கவும் கூடாது என்பது கட்டளை. அவர்கள் உங்கள் பிள்ளைகளைப் பிற தெய்வ வழிபாட்டின்பால் திருப்பிவிடுவர் என்பது காரணம். இன இழிவு என்றோ, குருதிக் கலப்பு என்றோ அங்கே ஒரு சொல்லும் இல்லை. யாத்திராகமம் 34ஆம் அதிகாரமும் இதே காரணத்தையே கூறுகிறது.

பட்டியலில் உள்ளவை ஏழு இனங்கள் மட்டுமே. எகிப்தியரோ மீதியானியரோ அதில் இல்லை. அதே உபாகமத்தின் 23ஆம் அதிகாரம் சபைக்குள் சேர்ப்பது பற்றி வேறொரு விதி வகுக்கிறது: அம்மோனியரும் மோவாபியரும் பத்தாம் தலைமுறையிலும் சேரலாகாது, ஏதோமியரும் எகிப்தியரும் மூன்றாம் தலைமுறையில் சேரலாம்.

இத்தடைக்கு அப்பாற்பட்ட திருமணங்களை அந்நூல்கள் இயல்பாகவே பதிவு செய்கின்றன. யூசுஃப் (அலை) அவர்கள் ஓன் நகரத்து எகிப்தியப் பூசாரியின் மகள் ஆஸ்நாத்தை மணந்ததாக ஆதியாகமம் கூறுகிறது. பன்னிரு கோத்திரங்களுள் எப்பிராயீம், மனாசே ஆகிய இரண்டும் அந்த எகிப்தியத் தாயின் வழிவந்தவை. மூஸா (அலை) அவர்கள் மீதியானைச் சேர்ந்த சிப்போராளை மணந்தார்கள். மத்யனில் நடந்த இத்திருமணத்தைக் குர்ஆனும் அல்கஸஸ் அத்தியாயத்தில் (28:27) கூறுகிறது. எட்டு ஆண்டு ஊழியம் அதற்கு ஈடாக அமைந்தது. மூஸா (அலை) அவர்கள் கூஷ் நாட்டுப் பெண்ணை மணந்தது குறித்துச் சகோதரி மிரியாம் குறை பேசினார் என்றும், அதற்காக வெண்குஷ்டத்தால் தண்டிக்கப்பட்டு ஏழு நாள் பாளையத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டார் என்றும் எண்ணாகமம் 12ஆம் அதிகாரம் கூறுகிறது. தண்டனை மணம் புரிந்தவருக்கு அன்று, குறை பேசியவருக்கு!

அரண்மனைத் திருமணங்கள்

அரசு தோன்றியதும் திருமணம் உடன்படிக்கையாயிற்று. பண்டைய மேற்காசியாவில் இது பொது வழக்கம். 1887இல் எகிப்தின் அமர்னாவில் கிடைத்த களிமண் கடிதங்களில், கி.மு. 14ஆம் நூற்றாண்டு மன்னர்கள் ஒருவருக்கொருவர் பெண் கேட்டும் சீர் பேசியும் எழுதிய செய்திகளைக் காணலாம். எகிப்திய மன்னர் தம் மகளை எவருக்கும் கொடுப்பதில்லை என்ற மறுப்பும், அதனால் பாபிலோனிய மன்னர் கொண்ட மனத்தாங்கலும் அவற்றில் பதிவாகியுள்ளன.

இப்பின்னணியில், ஸுலைமான் (அலை) அவர்கள் பிர்அவ்ன் ஒருவரின் மகளை மணந்ததாகவும், கேசேர் நகரம் சீதனமாக வந்ததாகவும் முதலாம் இராஜாக்கள் நூல் கூறுவது அவ்வரசின் மதிப்பை உணர்த்துவதற்கே. ஆனால் அதே நூலின் 11ஆம் அதிகாரம், அயல்நாட்டு மனைவியரால் அவர்கள் சிலை வழிபாட்டின்பால் சாய்ந்ததாகப் பழி சுமத்துகிறது. இங்கே நாம் பிரிந்து நிற்கிறோம். ஸுலைமான் (அலை) அவர்கள் நிராகரிப்பில் ஈடுபடவில்லை எனக் குர்ஆன் (2:102) ஐயத்திற்கிடமின்றி அறிவித்துவிட்டது. ஆயினும் அந்நூலாசிரியர் எதனை அஞ்சினார் என்பதை அவ்வதிகாரம் வெளிப்படுத்துகிறது: உடன்படிக்கையாக வரும் மனைவி தனியே வருவதில்லை, அவளுடைய தெய்வமும் உடன் வருகிறது.

அவ்வச்சத்துக்கு ஆதாரமாக அந்நூல் காட்டும் பெரும் நிகழ்வு கி.மு. 9ஆம் நூற்றாண்டினது. வட நாட்டு மன்னன் ஆகாப், சீதோனிய மன்னனின் மகள் யேசபேலை மணந்தான். பாகால் வழிபாடு அரண்மனைக்குள் நுழைந்தது. குர்ஆனில் இல்யாஸ் (அலை) அவர்கள் ‘பஅல்’ வணக்கத்தைக் கண்டித்த செய்தி (37:125) இவ்வழிபாட்டையே நினைவூட்டுகிறது. ஆகாப் வீட்டுப் பெண் அத்தாலியாள் தென்னாடாகிய யூதாவின் அரசனுக்கு மனைவியாகி, பின்னர் அரச வாரிசுகளைக் கொன்று ஆறு ஆண்டுகள் தானே ஆண்டாள். இரு நாட்டையும் இணைக்கச் செய்த மணம் ஒரு வம்சத்தையே வேரறுக்க முனைந்தது.

மழையில் கூடிய சபை

கி.மு. 586இல் ஜெருசலம் வீழ்ந்தது. மக்கள் பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துச் செல்லப்பட்டனர். பாரசீகர் காலத்தில் திரும்பியோரின் தலைவர்களுள் ஒருவர் எஸ்றா; நம் முஃபஸ்ஸிர்களுள் பலர் உஸைர் எனக் கருதுபவர் இவரே. பொதுவான கணிப்பின்படி கி.மு. 458இல் அவர் வந்தபோது, குருமார்கள் உட்படப் பலர் அயற்பெண்களை மணந்திருந்தனர்.

எஸ்றாவின் நூல் 9ஆம் அதிகாரத்தில் முறையீடு புதிய சொல்லால் அமைகிறது: பரிசுத்த வித்து நாட்டு மக்களோடு கலந்துவிட்டது. உபாகமத்தின் அச்சம் பிற தெய்வம் பற்றியது. இங்கோ வித்தே முன்வைக்கப்படுகிறது. பட்டியலும் மாறுகிறது. ஏழு இனத்தாருள் சிலரோடு அம்மோனியர், மோவாபியர், எகிப்தியர் ஆகியோரும் சேர்க்கப்படுகின்றனர். மண விதியும் சபைச் சேர்க்கை விதியும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டன. இது குருதி வழித் தூய்மை என்னும் புதிய கருத்து என கிறிஸ்டின் ஹேய்ஸ் 2002இல் வெளியிட்ட தம் ஆய்வில் விரிவாக விளக்கியுள்ளார்.

மூன்று நாளில் வராதவரின் உடைமை பறிக்கப்படும், அவர் சபையினின்று விலக்கப்படுவார் என ஆணை பிறந்தது. ஒன்பதாம் மாதம் இருபதாம் நாள், கொட்டும் மழையில் மக்கள் நடுங்கியவாறு ஆலயத்து முற்றத்தில் அமர்ந்திருந்தனர். மனைவியரையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் அனுப்பிவிடுவதென முடிவாயிற்று. விசாரணை ஏறத்தாழ மூன்று மாதம் நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. அப்பெண்களுள் ஒருத்தியின் பெயரும் இல்லை. அவர்கள் எந்தத் தெய்வத்தை வணங்கினர் என்ற விசாரணையும் பதிவில் இல்லை. அவர்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பதும் இல்லை.

அச்சிறு சமூகத்தின் நிலைமையையும் மறத்தலாகாது. அடிமைப்பட்டு, சிதறி, மொழியையும் இழந்துகொண்டிருந்த கூட்டம் அது. மணந்தோரின் பிள்ளைகளுள் பாதிப்பேர் அஸ்தோத்தின் மொழியே பேசினர், யூத மொழி அறியவில்லை என நெகேமியா வருந்துகிறார். அழிந்துவிடுவோம் என்ற அச்சம் மெய்யானதே. அந்த அச்சத்துக்கு அவர்கள் தேர்ந்த மருந்தே வாதத்துக்குரியது. அதே கி.மு. 5ஆம் நூற்றாண்டில், எகிப்தின் எலிபண்டைன் தீவில் வாழ்ந்த யூதர் வேறு வழியில் சென்றனர். ஆலயப் பணியாளர் அனனியா, தாமுத் என்னும் எகிப்திய அடிமைப் பெண்ணை மணந்த கி.மு. 449ஆம் ஆண்டின் அரமேய மொழி மண ஒப்பந்தம் இன்றும் உள்ளது.

மோவாபியப் பெண் ஒருத்தி

இதே வேதத் தொகுப்பில் நான்கே அதிகாரங்கள் கொண்ட ரூத் என்னும் நூலும் இடம்பெற்றுள்ளது. கணவனை இழந்த மோவாபியப் பெண் ரூத், தன் மாமியார் நகோமியை விட்டுப் பிரிய மறுக்கிறாள். உன் மக்களே என் மக்கள், உன் இறைவனே என் இறைவன் எனும் பொருள்பட உறுதி கூறிப் பெத்லகேம் வருகிறாள்; கதிர் பொறுக்கிப் பிழைக்கிறாள்; போவாஸ் அவளை மணக்கிறார். அவர்களின் மகன் ஓபேத், பேரன் ஈசாய், ஈசாயின் மகன் தாவூத் (அலை). பத்தாம் தலைமுறையிலும் சேரலாகாது என்று விதிக்கப்பட்ட இனத்தவள், மூன்றாம் தலைமுறை தாண்டியதும் அரசரின் முன்னோராகிவிட்டாள்! எஸ்றாவின் கடுமைக்கு மறுமொழியாகவே இந்நூல் எழுந்தது என்பர் ஆய்வாளர் சிலர். அதற்கு முற்பட்டது என்பர் வேறு சிலர். காலம் எதுவாயினும் இரு நூல்களும் ஒரே தொகுப்பில் உள்ளன என்பதே முக்கியம்.

பிற்கால யூத ரப்பிகள் இம்முரணைக் கண்டுகொள்ளாமல் விடவில்லை. மோவாபியத் தடை ஆண்களுக்கே உரியது, பெண்களுக்கன்று என மிஷ்னா தீர்த்தது. யூத மதம் தழுவிய அம்மோனியர் ஒருவர் சபையில் சேரலாமா என்று கேட்டபோது, ரப்பான் கமலியேல் தடுத்தார். ரப்பி யோசுவா அனுமதித்தார். அசீரிய மன்னன் சனகெரிப் இனங்களையெல்லாம் இடம்பெயர்த்துக் கலந்துவிட்டான், இனி யார் அம்மோனியர் என எவரால் அறிய இயலும் என்பது பின்னவரின் வாதம். அனுமதியே நிலைத்தது. ஆகவே எஸ்றாவின் ஒரு வாசகத்தைக் கொண்டு யூத சமயம் முழுவதையும் இனவெறி என்பது அறிவு நேர்மையாகாது.

நம்மை நோக்கி ஒரு வினா

குர்ஆன் இவ்வாதத்தில் தெளிவான நிலை கொள்கிறது. இணைவைப்போருடன் மணம் தடுக்கப்பட்டது (2:221). இறைநம்பிக்கை கொண்ட அடிமைப்பெண் இணைவைக்கும் பெண்ணினும் மேலானவள் என அவ்வசனமே கூறுகிறது. அளவுகோல் ஈமான்; குலமன்று. வேதம் அருளப்பட்டோரின் கற்புடைய பெண்கள் அனுமதிக்கப்பட்டனர் (5:5). ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின் கொள்கை வேறுபாட்டால் மணப்பிணைப்புகள் முறிந்தபோதும், மஹர் உரியவரிடம் திரும்பச் சேரவேண்டும் என்று விதிக்கப்பட்டது (60:10). பிரிவிலும் நீதி! கைபருக்குப் பின் நபி (ஸல்) அவர்களின் துணைவியான ஸஃபிய்யா (ரலி) அவர்களை யூதப் பெண் எனச் சிலர் குத்திப் பேசியபோது, ஹாரூனும் மூஸாவும் உன் முன்னோர் அல்லவா என அவர்களின் வமிசத்தையே பெருமையாக்கினார்கள் அண்ணலார்.

ஆயினும் நம் வீட்டு நிலை என்ன? நெடுங்காலம் அரபுக் கல்லூரியில் பாடம் நடத்தும் நான், திருமணப் பேச்சுகளிலும் இடையில் நின்றதுண்டு. இஸ்லாத்தைத் தழுவிப் பல ஆண்டுகளாகப் பள்ளியில் முதல் வரிசையில் நிற்கும் ஓர் இளைஞருக்குப் பெண் கேட்டபோது, அவ்வீட்டுப் பெரியவர் அவரது தொழுகையைக் கேட்கவில்லை. பாட்டனாரின் பெயரைக் கேட்டார். அதற்கு அவர் சொன்ன காரணம் ‘தீன்’. குஃபூ பற்றிய ஃபிக்ஹு விவாதத்தை அறியாதவன் அல்லன் நான். நம் ஹனஃபி நூல்கள் வமிசத்தையும் முன்னோரின் இஸ்லாத்தையும் கணக்கில் கொள்கின்றன. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மார்க்கப் பற்றையே முதன்மையாகக் கொண்டார்கள். இவ்வேறுபாட்டுக்கு மதிப்புண்டு. ஆனால் நிலத்துக்கும் வமிசத்துக்கும் செய்யும் காவலைக் கொள்கைக்குச் செய்யும் காவல் என்று பெயரிட்டு அழைப்பதற்கு எந்த மத்ஹபும் இடம் தரவில்லை.

கொள்கையைக் காக்கும் வேலிக்கு ஒரு வாசல் உண்டு. ரூத் அதன் வழியே வந்தாள். குருதியைக் காக்கும் சுவருக்கு வாசலே இல்லை. முந்தைய சமூகத்தாரின் வரலாறு நமக்குப் படிப்பினையாகவே சொல்லப்படுகிறது. அடுத்த முறை நம் வாசலில் ஒருவர் பெண் கேட்டு வந்து நிற்கும்போது, நாம் எதனைக் காக்கின்றோம் என்பதை நமக்குள் ஒருமுறை கேட்டுக்கொள்வோமாக. அல்லாஹ் உள்ளங்களை நன்கறிந்தவன்.