நாம் என்னும் சொல்

நோயுற்றவரோடு ஓர் அறையில் இருப்பது வேறு; அவரோடு வாழ்வது வேறு. கட்டிலருகே நாள் முழுவதும் அமர்ந்திருந்தும் ஒருவரைத் தனிமையில் விட்டுவிட முடியும். மருத்துவர்களாகிய நாங்களும், துணையிருக்கும் குடும்பத்தினராகிய நீங்களும் சேர்ந்து எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி இது.

1873ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அதே ஆண்டு மே மாதம், பெல்ஜியத்தில் பிறந்த அருட்தந்தை தமியான், ஹவாயின் மொலோக்காய்த் தீவில் தொழுநோயாளர் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த குடியிருப்புக்குச் சென்றார். கிருமி தெரிந்துவிட்டது, மருந்து இல்லை. பயன் தரும் மருந்து 1940களில்தான் கிடைத்தது. இன்று கூட்டு மருந்துச் சிகிச்சையால் முற்றிலும் குணமாகும் அந்நோய்க்கு, அன்று கொடுக்க முடிந்தது மனித உறவே.

தமியான் புண்களுக்குக் கட்டுப் போட்டார், வீடுகள் கட்டினார், இறந்தோருக்குச் சவப்பெட்டி செய்தார். தமக்கு நோய் காண்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, மறையுரையில் 'நீங்கள்' என்னாமல் 'தொழுநோயாளராகிய நாம்' என்றே பேசினார். 1884இல் அவருக்கும் அந்நோய் உறுதியாயிற்று. 1889இல், 49ஆம் வயதில், அம்மக்களிடையே மறைந்தார்.

அவருடைய இறுதி மாதங்களில் அங்கு வந்த அருட்சகோதரி மரியான் கோப், 1918இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். தூய்மையைக் கண்டிப்புடன் கடைப்பிடித்த அவருக்கு நோய் தொற்றவில்லை. ஆகவே கை கழுவுவதும் முகக்கவசம் அணிவதும் நோயாளியை விலக்குவதாகா. துணையிருப்போர் வேளைக்கு உண்பதும், முறைவைத்து உறங்குவதும் தன்னலமாகா.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் அமர்ந்து மௌனமாயிருந்தார்கள். அவர்கள் செய்தவற்றுள் சிறந்தது அதுவே. துன்பத்திற்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கியபோதுதான் அவரைப் புண்படுத்தினார்கள். நோயாளியைக் காண வருவோர் இதை நினைவிற்கொள்வது நன்று. 'என்ன பாவமோ' என்னும் பேச்சு எந்த நோயையும் ஆற்றியதில்லை.

நோயாளியின் தலைக்கு மேலே நாம் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதைத் தவிர்ப்போம், அவரிடமே கேட்போம். சிகிச்சை முடிவுகளில் அவர் விருப்பத்தை முதலில் அறிவோம். பேரப்பிள்ளையின் தேர்வு, வீட்டுக் கூரையின் ஒழுகல் முதலிய அன்றாடச் செய்திகளிலும் அவருக்குரிய பங்கைப் பறிக்காதிருப்போம்.

நோயாளிகளாகிய உங்களிடமும் ஒன்று சொல்ல விழைகிறோம். பிறர் கையால் உண்ண நேர்வதையும், இரவில் ஒருவரை எழுப்ப நேர்வதையும் எண்ணி நீங்கள் கூசுகிறீர்கள். கிணற்றருகே சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டவர் இயேசு. கெத்செமனேயில், தம்மோடு விழித்திருக்கும்படி சீடர்களை வேண்டியவரும் அவரே. துணை வேண்டும் என்று கேட்க இறைமகனே தயங்கவில்லை. நீங்களும் தயங்காதீர்கள், அழைப்புமணியை அழுத்துங்கள், நாங்கள் வருவோம்.